டப்ளின் க்ராஃப்டன் ஸ்ட்ரீட்ல ஐரிஷ் பாடகர் கிளென் ஹான்சார்ட் பாடிக் கேட்டவங்க இருந்தா உங்க அனுபவத்தச் சொல்லுங்க

டப்ளின் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, ரொம்ப நாளா இத எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன். அயர்லாந்துல, லண்டன்ல நம்மாளுங்க நெறய பேர் இருக்கீங்க, உங்களுக்கும் ஏதாவது இருக்கும்னு தோணுது, அதான் நானே ஆரம்பிக்கிறேன்.

வந்த முதல் வருஷம் டிசம்பர் 24. கூட இருந்த பசங்க எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க, நான் மட்டும் ரூம்ல. இங்க கிறிஸ்துமஸ் அன்னிக்கு பஸ், ரயில் எதுவும் ஓடாது, கடையெல்லாம் மூடிருவாங்க, அதனால பாலு, பிரெட்டு, முட்டை வாங்கி வச்சுக்கலாம்னு வெளிய வந்தவன் சும்மா நடந்து க்ராஃப்டன் ஸ்ட்ரீட் வரைக்கும் போயிட்டேன். நாலரைக்கெல்லாம் இருட்டிருச்சு. தெருவுக்குக் குறுக்க ஐரிஷ் மொழியில கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதுன பெரிய விளக்கு, எல்லார் கையிலயும் பை, எல்லாருக்கும் வீட்டுக்குப் போற அவசரம், நம்ம தி.நகர்ல தீபாவளிக்கு மொத நாள் ராத்திரி எப்படி இருக்குமோ அதே மாதிரி. திடீர்னு ஒரு இடத்துல கூட்டம் நகரல. யாரோ விழுந்துட்டாங்க போலன்னு பக்கத்துல போனா கிட்டார் சத்தம்.

ஆள் கண்ணுக்குத் தெரியல, எனக்கு முன்னாடி ஒரு ஐந்நூறு தலை இருந்திருக்கும். ஆனா அந்தக் குரல் இருக்கே, மெதுவா பேசுற மாதிரி ஆரம்பிச்சு கடைசியில தொண்டை கிழியுற மாதிரி கத்துறாரு, அந்தக் கத்தல்லயும் சுருதி போகல. பக்கத்துல நின்ன ஒரு வயசான ஐரிஷ்காரர்கிட்ட யாருங்கன்னு கேட்டேன். கிளென்னு மட்டும் சொன்னாரு, நம்ம ஊர்ல ராஜான்னா யாருன்னு சொல்லத் தேவையில்லாத மாதிரி. வாளி சுத்தி வந்துச்சு, வீடில்லாதவங்களுக்காக வேலை செய்யுற சைமன் கம்யூனிட்டிக்குன்னாங்க. நான் அஞ்சு யூரோ போட்டேன், அப்ப எனக்கு அது பெருசு. பால் வாங்க மறந்துட்டு ரூமுக்கு வந்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரி பூரா அவரப் பத்தித்தான் தேடிப் படிச்சேன். 1970ல பொறந்தவரு, வட டப்ளின் பாலிமன் பக்கம். 13 வயசுல பள்ளிக்கூடத்த விட்டுட்டு இதே க்ராஃப்டன் ஸ்ட்ரீட்ல கிட்டார எடுத்துட்டு வந்து நின்னவரு. பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரே போய்த் தெருவுல பாடுன்னு சொல்லி அனுப்பினதா பேட்டிகள்ல அவரே சொல்வாரு. அங்க நின்னு டிலன், வான் மோரிசன், லெனர்ட் கோஹன் பாட்டெல்லாம் பாடிக் கத்துக்கிட்டு, 1990ல தி ஃப்ரேம்ஸ்னு சொந்தமா பேண்டு, அதுக்கப்புறம் அவரே நடிச்ச ஒன்ஸ்னு ஒரு சினிமா, அதுல வந்த பாட்டுக்கு 2008ல ஆஸ்கார். ஆஸ்கார் வாங்கினவரு எதுக்கு இந்தக் குளிர்ல ரோட்டுல நிக்கிறாரு? அந்தக் கேள்விதான் என்னை இன்னிக்கு வரைக்கும் வருஷா வருஷம் அங்க கூட்டிட்டுப் போகுது. போனோ, டேமியன் ரைஸ், ஹோஸியர்னு பெரிய பெரிய ஆளுங்கல்லாம் அவர் கூட வந்து நின்னு பாடியிருக்காங்க, ஆனா எனக்கு அந்த முதல் வருஷம் முகமே பாக்காம கேட்டதுதான்.

உங்க கதையும் சொல்லுங்க.

* * *

அண்ணா, படிச்சதும் கண்ணு கலங்கிட்டு. நான் நர்ஸ், சொந்த ஊரு நாகர்கோவில் பக்கம், டப்ளின்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாக்கேன். எங்க வார்டுல பாலிமன்ல பொறந்து வளந்த ஒரு அக்கா உண்டு, இந்த ஊரப் பத்தி எனக்குத் தெரிஞ்சதுல பாதி அவங்க சொல்லித் தந்ததுதான். அங்க 60கள்ல ஏழு பெரிய அடுக்குமாடி கட்டுனாங்களாம், 15 மாடி, பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்து நடந்த 1916 எழுச்சிக்காக சுட்டுக் கொல்லப்பட்ட ஏழு தலைவர்கள் பேரை ஒவ்வொண்ணுக்கும் வச்சு. பேரு மட்டும் பெருசு, லிஃப்ட் வேலை செய்யாது, கடை கண்ணி கிடையாது, வேலை கிடையாது. இப்ப ஒண்ணு கூட இல்ல, எல்லாத்தையும் இடிச்சாச்சு. அந்தப் பக்கத்துல இருந்து ஒரு பையன் வந்தான்னா அவன் எங்க ஆளுன்னு இந்த அக்கா சொல்லும்போது குரலே மாறிடும். அவங்களுக்கு ஆஸ்கார் பெருசில்ல. 1991ல வந்த தி கமிட்மென்ட்ஸ் படத்துல கிட்டார் வாசிக்கிற அவுட்ஸ்பேன் அவருதான், இவங்களுக்கு அவரு இன்னும் அவுட்ஸ்பேன்தான்.

நான் அவர நேர்ல பாத்தது பாட்டுக் கச்சேரியில இல்ல. 2016 டிசம்பர்ல டப்ளின் நடுவுல அப்போலோ ஹவுஸ்னு சும்மா பூட்டிக் கிடந்த ஒரு ஆபீஸ் கட்டடத்துக்குள்ள வீடில்லாதவங்களக் கூட்டிட்டுப் போய்த் தங்க வச்சாங்கல்ல, ஞாபகம் இருக்கா? அதுல முன்னால நின்னவங்கள்ல கிளென்னும் ஒருத்தரு, சினிமா டைரக்டர் ஜிம் ஷெரிடனும் கூட இருந்தாரு. எங்க வார்டுல டிஸ்சார்ஜ் எழுதின பிறகு போறதுக்கு இடமில்லாம கட்டில்லயே உக்காந்திருக்குற ஆளுங்கள நான் தினம் பாக்கேன். காலுல புண்ணு ஆறியிருக்கும், மறுபடி அந்த ஈரத் தரையிலதான் போய்ப் படுக்கணும், பத்து நாளுல அதே புண்ணோட திரும்ப வருவாங்க, நாங்க மறுபடி கட்டுப் போடுவோம். அதனால அந்தச் செய்தி கேட்டதும் நாங்க நாலு பேரு நைட் டூட்டி முடிச்சு கம்பளி, சாக்ஸ், தெர்மல் எல்லாம் வாங்கிக் கொண்டு போனோம். வாசல்ல ஜனங்க கொண்டு வந்து குவிச்ச சாமான், உள்ள வைக்க இடமில்லாத அளவுக்கு. அந்தக் கூட்டத்துல ஒரு தாடிக்காரரு, தொப்பி போட்டுக்கிட்டு ரோட்டு ஓரமா நின்னு யார்கிட்டயோ பேசிட்டு இருந்தாரு. எங்க அக்கா என் கையப் பிடிச்சு அழுத்தினாங்க. அவ்வளவுதான். நாங்க கிட்ட போகல, பேசல, போட்டோ எடுக்கல. ஜனவரி 12 வாக்குல கோர்ட் உத்தரவுப்படி எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, ஒரு மாசம் கூட முழுசா இல்ல. ஆனா அந்த ஒரு மாசம் ஊரு முழுக்க வேற பேச்சே கிடையாது, எங்க டீ ரூம்ல கூட.

அவரு பாட்டு எனக்கு அதுக்கப்புறந்தான் கேக்கத் தோணிச்சு.

* * *

நான் லண்டனில இருக்கிறன், சொந்த இடம் யாழ்ப்பாணம். டப்ளின் பக்கம் இன்னும் போகேல்ல. ஆனா சேரிங் கிராஸ் ரோட்டில இருக்கிற ஃபீனிக்ஸ் தியேட்டரில, அந்த ஒன்ஸ் படத்த மேடை நாடகமாப் போட்ட நேரம், 2013 எண்டு நினைக்கிறன், எங்கட வேலையிடத்தில ஒரு பெட்டை ரெண்டு டிக்கெட் மிச்சம் எண்டு தந்தவ, நானும் மனுசியும் போனனாங்கள். கதையும் தெரியாது ஆளையும் தெரியாது.

உள்ள போனா மேடையில ஒரு ஐரிஷ் பார் மாதிரி செட். நாடகம் தொடங்க முன்னம் சனம் எல்லாம் மேடையில ஏறி அந்த பாரிலயே குடிக்க வாங்கிக்கொண்டு நிக்குது, அதுக்குள்ள நடிகர்மாரும் நிண்டு வயலின், கிட்டார் எண்டு வாசிச்சுக்கொண்டு இருக்கினம். எப்ப சனம் இறங்கிச்சு, எப்ப நாடகம் தொடங்கினது எண்டே விளங்கேல்ல. கீழ தனியா வாத்தியக் குழு ஒண்டும் இல்ல, நடிக்கிற ஆக்களே எல்லாத்தையும் வாசிச்சவை. எங்கட கோயில் திருவிழாவில மேளக் கச்சேரி நடக்கேக்க சனம் கிட்டப் போய் நிலத்தில இருந்து கேக்கிறது எனக்கு ஞாபகம் வந்தது, வாசிக்கிறவைக்கும் கேக்கிறவைக்கும் நடுவில மேடை எண்டு ஒண்டு இல்லாத மாதிரி.

கதை உங்களுக்குத் தெரியும்தானே, தெருவில பாடுற ஒரு பொடியன், செக் நாட்டில இருந்து வந்த ஒரு பிள்ளை, ரெண்டு பேரும் சேர்ந்து பாட்டு ரெக்கோட் பண்ணுகினம், கடைசியில அவன் தன்ர ஊர விட்டு நியூயோர்க்குக்குப் போறான். அந்த இடத்தில எனக்குத் தாங்கேல்ல. எனக்குப் பக்கத்தில இருந்த ஐரிஷ் கிழவனும் அழுதுகொண்டு இருந்தார், நானும் அழுதுகொண்டு இருந்தன், ரெண்டு பேரும் வேற வேற ஊரை நினைச்சு. நான் லண்டனுக்கு வந்தது பாட்டுப் பாட இல்ல, ஆனா ஒரு பெட்டியோட வந்து இறங்கினது அதே மாதிரித்தான்.

பிறகுதான் படத்தத் தேடிப் பாத்தன். அது நாடகத்த விட இன்னும் நல்லாப் பிடிச்சுது, ஏனெண்டா அதில ஒண்டும் சோடிக்கேல்ல. 17 நாளில எடுத்த படமாம். டைரக்டர் ஜான் கார்னி முந்தி கிளென்ர பேண்டிலயே பேஸ் கிட்டார் வாசிச்ச ஆள். தெருவில எடுத்த காட்சியள் தூரத்தில கேமராவ வைச்சு எடுத்தது, போற வாற சனத்துக்கு படம் எடுக்கினம் எண்டே தெரியாது.

* * *

ஆஸ்கார் பத்தி யாரும் விரிவா சொல்லலயே, நான் சொல்றேன். 2008 பிப்ரவரி 24. பாட்டுக்கான விருது கிளென்னுக்கும், ஒன்ஸ் படத்துல அந்த செக் பொண்ணா நடிச்ச மார்கேட்டா இர்க்லோவாவுக்கும் சேத்துக் குடுத்தாங்க. அவர் பேசினாரு, கலை செய்யுங்க, கலை செய்யுங்கன்னு முடிச்சாரு, அடுத்து மார்கேட்டா வாயத் திறக்குறதுக்குள்ள மியூசிக் போட்டுட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு அப்ப 19 வயசு, நாலு நாள்ல 20. விளம்பர இடைவேளை முடிஞ்சதும் நிகழ்ச்சி நடத்துன ஜான் ஸ்டூவர்ட் அவங்கள திரும்ப மேடைக்குக் கூட்டிட்டு வந்து பேச வச்சாரு. கனவு காணத் தயங்காதீங்க, நாங்க இங்க நிக்கிறதே சாட்சி, சொந்தக் கால்ல நிக்கிற எல்லா இசைக் கலைஞர்களுக்கும் இது சேரும்ங்கிற மாதிரி பேசுனாங்க. சரியா அடுத்த வருஷம் 2009ல நம்ம ரஹ்மான் கையில அதே விருது. அன்னிக்கு எங்க ஹாஸ்டல்ல காலையில எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்திருந்தோம், நான் மட்டும் போன வருஷம் இதே இடத்துல ரெண்டு தெருப் பாட்டுக்காரங்க நின்னாங்கடான்னு சொல்லிட்டு இருந்தேன், யாரும் கேக்கல.

* * *

நான் சென்னை. சொந்தமா பாட்டு எழுதிப் பாடுறேன், சினிமாப் பாட்டு இல்ல. இந்த ஆளப் பத்திப் பேச்சு வந்தா எல்லாரும் ஆஸ்கார்ல ஆரம்பிச்சு ஆஸ்கார்ல முடிச்சுர்றீங்க, எனக்கு அவர் முக்கியமானது அதுக்கு ஏழு வருஷம் முன்னாடி நடந்ததுக்காக, அதைக் கொஞ்சம் நீளமா எழுதிக்கிறேன், பொறுத்துக்கோங்க.

தி ஃப்ரேம்ஸ்ங்கிற பேரே சைக்கிள் ஃப்ரேம்ல இருந்து வந்தது. அவர் சைக்கிள் ரிப்பேர் பண்ணுவாரு, வீட்டு வாசல் பூரா ஃப்ரேமா கெடக்குமாம். பேண்டு ஆரம்பிச்ச வேகத்துலயே ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் மாதிரி பெரிய கம்பெனி கிடைச்சுது, ஒரு ஆல்பத்தோட அது முடிஞ்சுது. அப்புறம் இசட்டிடின்னு லண்டன் கம்பெனி, அங்க ட்ரெவர் ஹார்ன் மாதிரி பெரிய புரொட்யூசர் எல்லாம் இருந்தாங்க. 90கள் பூரா இப்படியே போச்சு, கம்பெனி ஒரு சத்தம் கேக்குது, பேண்டு மேடையில வேற சத்தம் போடுது. கடைசியில வெளிய வந்துட்டாங்க. வந்து ப்ளேட்டோன்னு சொந்த லேபிள் வச்சு 2001ல ஃபார் தி பேர்ட்ஸ் ஆல்பத்த அவங்களே போட்டாங்க. அதுல ஒரு பகுதி சிகாகோவுல ஸ்டீவ் ஆல்பினிங்கிற சவுண்டு இன்ஜினியரோட ஸ்டூடியோவுல பண்ணது. ஆல்பினி 2024ல காலமாயிட்டாரு. அவர் ஆல்பத்துல ராயல்டி பங்கு வாங்கவே மாட்டாரு, ஒரு பிளம்பர் மாதிரி வேலைக்குக் கூலி மட்டும் போதும்னு கடைசி வரைக்கும் இருந்த மனுஷன். அந்த ஸ்டூடியோவுல வேலை பாத்த ராப் பொக்னிக் அப்படியே பேண்டுல கிட்டார் வாசிக்க வந்துட்டாரு.

அந்த ஆல்பத்தக் கேட்டுப் பாருங்க. காலம் மக்கான் இம்மாரோட வயலின் வரும், அவசரமே இல்லாம. யாரையும் திருப்திப்படுத்தணும்னு இல்லாம வாசிக்கிறவங்களோட சத்தம் எப்படி இருக்கும்னு எனக்கு அதுல இருந்துதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் டப்ளின் விகார் ஸ்ட்ரீட் அரங்குல ரெக்கார்ட் பண்ண லைவ் ஆல்பம் 2003ல, அதுல கூட்டம் பாடுறதக் கேக்கணும், ஒவ்வொரு வரியும் தெரிஞ்சு வச்சிருக்காங்க. ரேடியோ தூக்கிவிட்ட கூட்டம் இல்ல அது, பத்து வருஷம் ஊர் ஊரா வேன்ல போய் வாசிச்சுச் சேத்த கூட்டம். 2004ல பர்ன் தி மேப்ஸ் அயர்லாந்துல முதல் இடம். ஆஸ்காருக்கு நாலு வருஷம் முன்னாடியே ஊர் அவங்கள ஏத்துக்கிடுச்சு.

இதெல்லாம் ஏன் எனக்கு மனப்பாடம்னா, நானும் ஒரு கம்பெனிகிட்ட கையெழுத்துப் போட்டவன். மூணு பாட்டு குடுத்தேன், ஒண்ணு ரெண்டு வருஷம் அவங்க டிரைவ்லயே கெடந்துச்சு, ஒண்ண இன்னொருத்தர் குரல்ல வெளிய விட்டாங்க, ஒப்பந்தத்துல அதுக்கு இடம் இருந்துச்சு, நான் சரியா படிக்கல. ஒரு வருஷம் கிட்டாரத் தொடவே இல்ல. அப்ப ஒரு நண்பன் கிளென்னோட கிட்டார் போட்டோ ஒண்ணு அனுப்புனான். தக்காமினி கிட்டார், அடிச்சு அடிச்சு மேல் பலகையில ஓட்டையே விழுந்திருக்கு, அந்த ஓட்டையோட அப்படியே வாசிக்கிறாரு. ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன். எத்தனை ராத்திரி அடிச்சா மரம் தேயும்! என் கிட்டார்ல அன்னிக்கு ஒரு கீறல் கூட இல்ல. மறுநாள் பெசன்ட் நகர் பீச்சுல போய் உக்காந்து வாசிச்சேன், பத்துப் பதினஞ்சு பேர் நின்னாங்க, சுண்டல் விக்கிற பையன் ஒருத்தன் ரெண்டு பாட்டு முடியிற வரைக்கும் போகவே இல்ல. இப்ப என் பாட்ட நானே ரிலீஸ் பண்றேன். காசு குறைவுதான், ஆனா என் பாட்டு என்கிட்ட இருக்கு.

* * *

மேல முதல் பதிவு போட்டவருக்கு ஒண்ணு சொல்லணும், வருஷா வருஷம் தெருவுலன்னு எழுதியிருக்கீங்க, கொரோனா சமயத்துல தெருவுல நடக்கல, செயின்ட் பேட்ரிக்ஸ் கதீட்ரலுக்குள்ள வச்சுப் பாடி ஒளிபரப்பினாங்க. நான் அத அம்மாவோட வீடியோ கால்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணி மதுரையில இருக்குற அவங்களுக்குக் காட்டினேன், அங்க நடுராத்திரி. அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியல, சர்ச்சு நல்லா இருக்குடா, அந்தத் தம்பி ஏன் இப்படிக் கதறுதுன்னாங்க. அந்த வருஷம் நான் ஊருக்குப் போக முடியல, எங்க அப்பா போய் மூணு மாசம். கதறட்டும்மான்னு சொன்னேன்.

* * *

லிம்ரிக்ல இருக்கேன். எனக்கு ஒரே ஒரு தடவைதான், அதுவும் ஒரு சாவு வீட்டுல.

2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. தி போக்ஸ் பேண்டோட பாடகர் ஷேன் மெக்கவன் இறந்து இறுதிச் சடங்கு நீனாங்கிற ஊர்ல, டிப்பரெரி கவுன்டி, இங்கருந்து கார்ல முக்கால் மணி நேரத்துக்குள்ள. காலையில டப்ளின் தெருவுல குதிரை வண்டியில உடலக் கொண்டு போனாங்க, ஜனம் ரெண்டு பக்கமும் நின்னு பாடுச்சு, அத டிவியில பாத்துட்டு என் ஐரிஷ் மேனேஜர் நான் நீனா போறேன் நீ வர்றியான்னாரு. அரை நாள் லீவு போட்டுப் போனோம். சர்ச்சுக்குள்ள போக முடியல, வெளிய ரோட்டுலதான் நின்னோம், ஸ்பீக்கர்ல எல்லாம் கேட்டுச்சு. நிக் கேவ் வந்து பியானோவோட பாடினாரு. அப்புறம் கிளென்னும் லிசா ஓ'நீலும், கூட நெறய வாத்தியக்காரங்களும், ஷேனோட அந்தப் பிரபலமான கிறிஸ்துமஸ் பாட்ட, ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்க, எடுத்தாங்க.

அது சண்டைப் பாட்டு, புருஷன் பொண்டாட்டி மாதிரி ரெண்டு பேர் ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிற பாட்டு, அதப் போய் சர்ச்சுல, பெட்டி முன்னாடி இருக்கும்போது! கிளென் ஆரம்பிச்சப்ப வெளிய ரோடு பூரா அமைதி. ரெண்டாவது சரணத்துக்குள்ள எல்லாரும் பாடுறாங்க, என் மேனேஜர், எப்பவும் டையக் கூடத் தளர்த்தாத மனுஷன், முகம் செவக்க அழுதுட்டே பாடுறாரு. உள்ள ஷேனோட மனைவியும் குடும்பத்து ஆளுங்களும் பெட்டிக்கு முன்னாடி எழுந்து ஆடுனாங்கன்னு அப்புறம் வீடியோவுல பாத்தேன். வெளியயும் ரெண்டு மூணு ஜோடி ரோட்டுலயே ஆடுச்சு.

எங்க ஊர் விழுப்புரம் பக்கம். சாவுக்குப் பறை அடிச்சு, ஆடித்தான் அனுப்புவோம். இங்க வந்து படிச்ச எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அத எல்லாம் நாகரிகம் இல்லைன்னு சொல்லி, எங்க தாத்தா சாவுக்குப் பறை வேணாம்னு சண்டை போட்டு நிறுத்திட்டான், தாத்தா சத்தமே இல்லாமப் போனாரு. அது என் மனசுல ஆறாமயே கெடந்துச்சு. நீனாவுல அந்த ரோட்டுல நின்னு, இந்தாளு கிட்டார உடைக்கிற மாதிரி அடிச்சுப் பாடுறதையும், அந்த வயலின், அக்கார்டியன் சத்தத்தையும் கேட்டப்ப எனக்குக் கால் தானா ஆடுச்சு. மேனேஜர் என்னைப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, தோள்ல கை போட்டாரு. நான் என் தாத்தாவுக்குத்தான் ஆடினேன்.

* * *

இவ்வளவு வரும்னு நான் எதிர்பாக்கவே இல்ல, ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ படிச்சுட்டேன். கதீட்ரல் விஷயம் சரிதான், திருத்தினதுக்கு நன்றி. நாகர்கோவில் தங்கச்சி, உங்க வார்டு அக்காவ நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க. சென்னை தம்பி, உங்க பாட்டு லிங்க் போடுங்க. லண்டன் அண்ணை, டப்ளின் வந்தா எங்க வீட்டுலதான் தங்கணும்.

இந்த டிசம்பர் 24க்கு எங்க பொண்ணையும் முதல் தடவையா கூட்டிட்டுப் போறேன், ஆறு வயசு. அவ தோள்ல ஏறிட்டா அவளுக்காவது முகம் தெரியும். டப்ளின்ல இருக்குறவங்க வர்றதா இருந்தா சாயங்காலம் மூணு மணிக்கெல்லாம் செயின்ட் ஸ்டீஃபன்ஸ் க்ரீன் லுவாஸ் ட்ராம் ஸ்டாப்புக்கு வந்துருங்க, அங்கருந்து சேந்து நடக்கலாம். கையில சில்லறை வச்சுக்கோங்க, வாளி வரும்.